நண்டுக் கொம்பனிக்கு வந்த தையல் சிஸ்டம்

முதலாம் பேர்

சுவரில் தொங்கிய பெரிய திரையில் பிலோமினாவின் பெயர் முதலாவதாக எழும்பிய காலையில் மனேச்சர் ஒருவர்தான் கைதட்டினார். நாங்கள் எல்லோரும் தலையைக் குனிந்து நண்டைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"பாருங்கோ பிள்ளையள், நல்லாப் பாருங்கோ! பிலோமினாதான் நம்பர் வன். இனி எல்லாரும் இவவைப் பாத்துப் பழகுங்கோ" என்றார்.

பிலோமினா முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்தாள். பரிசு வாங்கியவளின் பார்வையா அது? களவு போன வீட்டில் பிடிபட்டவளைப் போல முழித்தாள். எங்கள் மண்டபத்தில் எல்லோரையும்விட மெதுவாக நண்டு உடைப்பவள் அவள். அது மனேச்சரைத் தவிர எல்லோருக்கும் தெரியும். வெளியே மதிலோரம் நின்று காட்போட் பெட்டி தின்னும் கழுதைக்கும் தெரிந்திருக்கும்.

கொம்பனிகளில் பிளானிங் வேலைக்குப் போகிற பிள்ளைகள் சிலர் இதை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். கதையைத் திருத்த வேண்டாம்.

எங்கள் கொம்பனி பேசாலைக்கும் மன்னார் ரவுணுக்கும் இடையில், ரோட்டோரம், சண்டை முடிந்த பிறகு திறந்தது. திறந்த நாளில் முதல் நண்டை உடைத்தவள் நான். பிறகு மண்டபத்துக்குச் சுப்பவைசர் ஆனேன். வேலை இதுதான். விடியப்புறம் கரைக்கு வருகிற நண்டை அவித்து, ஆற வைத்து, ஓட்டைக் கழற்றி, சின்னக் கத்தியால் சதையை உடையாமல் எடுக்க வேண்டும். பெரிய சதை ஒரு தட்டு, உதிர்ந்த சதை ஒரு தட்டு, கால் சதை ஒரு தட்டு. பிறகு தகரத்தில் அடைத்து, ஐஸில் வைத்து, குளிர் லொறியில் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து கப்பல். மண்டபத்தில் மூன்று மேசை. ஒரு மேசையைச் சுற்றி ஏழெட்டுப் பெண்கள்.

தட்டில் விழும் பிடி

பிலோமினாவின் வலக்கையில் இரண்டு விரல் மடங்காது. கடைசிச் சண்டையில் இடம்பெயர்ந்து ஓடும்போது பட்ட ஷெல் துண்டு. மனுசன் இல்லை. தாய் படுக்கையில். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்த வீட்டில் உழைக்கிற கை அது ஒன்றுதான், அதிலும் மூன்று விரல்.

கொம்பனியில் ஒரு சட்டம் இருந்தது. ஒவ்வொருத்தியும் எடுக்கும் சதை இவ்வளவு நிறைக்குக் குறையக் கூடாது. ஒரு கிழமை தொடர்ந்து குறைந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். நிறை கூடினால் அதற்குக் கூலி கூடாது, நாள் கூலிதான். குறைந்தால் மட்டும் வேலை போகும். யார் போட்ட சட்டமோ, போட்டவர் நண்டு உடைத்ததில்லை.

எங்கள் கரையில் ஒரு பழக்கம். வலையில் இருந்து மீன் கழற்றும்போது பக்கத்தில் இருக்கிறவளுக்குக் காய்ச்சல், கை நோவு, பிள்ளைப்பேறு என்று ஏதும் இருந்தால், ஒவ்வொருத்தியும் தன் கூடையில் இருந்து ஒரு பிடி எடுத்து அவளுடைய கூடையில் போடுவாள். போட்டதைச் சொல்லவும் மாட்டாள், வாங்கினவள் நன்றி சொல்லவும் மாட்டாள். 'பிடி போடுறது' என்று பெயர். கொம்பனிக்கு வந்தபோது எங்களோடு அந்தப் பழக்கமும் வந்துவிட்டது. பிலோமினாவின் தட்டில் மேசையே பிடி போடும். நிறுக்கிறது நான். சட்டத்தில் சொன்ன நிறைக்கு வந்ததும் நான் ஒரு இருமல் இருமுவேன், பிடி போடுவது நிற்கும். இதில் கள்ளம் ஒன்றும் இல்லை. மேசையில் எடுத்த சதை மேசையில்தான் இருந்தது, ஒரு துண்டும் வெளியே போகவில்லை.

சிஸ்டம் விற்க வந்தவர்கள்

அந்த நேரம் வந்தவர்தான் இந்த மனேச்சர். கொழும்புப் பக்கம் சட்டை தைக்கிற கொம்பனியில் பெரிய வேலை பார்த்தவராம். வந்த முதல் கிழமையே மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, "இஞ்ச எல்லாம் கைக்கணக்கு. சிஸ்டம் ஒண்டு வேணும்" என்றார். வேண்டும்தான், நானும் இல்லை என்று சொல்லவில்லை. நண்டு நிறைய வந்த நாளில் ஐஸ் இருக்காது, ஐஸ் நிறைய இருக்கிற நாளில் லொறி வராது, லொறி வந்து நிற்கிற நாளில் நண்டு இருக்காது. அதை ஒழுங்குபடுத்த ஒரு புத்தி வேண்டும். அந்தப் புத்தியைக் கடையில் வாங்கலாம் என்று மனேச்சர் நம்பினார்.

இரண்டு கூட்டம் வந்தது. முதலாவது, கழுத்துப்பட்டி கட்டிய ஒரு ஐயா. தேத்தண்ணி குடிக்கிற நேரம் எங்களிடமும் வந்து கேட்டார்.

"ரோ மெற்றீரியலை எத்தினை நாளுக்கு முதல் ஓடர் பண்ணுவீங்கள்?"

எங்கள் மேசையில் ஸ்ரெல்லா என்று ஒருத்தி. அவளுடைய வாய்க்கு முன்னால் கத்தி கூர் இல்லை. "நண்டைத்தானே கேக்கிறியள் ஐயா? ஓடர் பண்ணுவம். கடலுக்கு விலாசம் எழுதத்தான் ஒருத்தருக்கும் தெரியாது" என்றாள்.

அந்த ஐயா சிரிக்கவில்லை. யோசித்தார். அடுத்த நாள் அவர் காட்டிய சிஸ்டம் கொஞ்சம் புத்தியுள்ளது. காலையில் நண்டு வந்த பிறகு எவ்வளவு என்று கேட்கும். அதற்குத் தக்க எத்தனை பேர் மேசைக்கு, எவ்வளவு ஐஸ், லொறியை எப்போது கூப்பிட வேண்டும் என்று சொல்லும். ஆனால் அவர் கொண்டுவந்த திரை சின்னது. நிறமும் இல்லை. மனேச்சர் கொட்டாவி விட்டார்.

இரண்டாவது கூட்டம் கொண்டுவந்த திரை ஒரு கதவளவு. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கோயில் திருவிழா லைற்றுப் போல மினுங்கியது. அது தையல் கொம்பனிகளுக்கென்று செய்த சிஸ்டம். மனேச்சர் தன் பழைய கொம்பனியில் பார்த்ததும் அதுவேதான். பழகின முகத்தைக் கண்ட மாதிரி அதைக் கட்டிப்பிடிக்காத குறை.

அதைச் சுவரில் பூட்ட வந்தவர் றிஸ்வான் என்ற கொழும்புப் பொடியன், முப்பது வயது இருக்கும். அவரே சொன்னார், நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"சேர், இது காமன்டுக்கு, உடுப்புத் தைக்கிற இடத்துக்குச் செஞ்சது. அங்க ஒருத்தி கொலர் தைப்பா, ஒருத்தி கை தைப்பா. அதனால ஒவ்வொரு ஆளையும் தனித்தனியாப் பார்க்கும். இங்க வேலை வேற மாதிரி இருக்கே?"

"எல்லாம் ஒண்டுதான். அங்க தைக்கினம், இஞ்ச உடைக்கினம். பூட்டுங்கோ" என்றார் மனேச்சர்.

தைப்பதும் உடைப்பதும் ஒன்று என்று சொன்ன மனுசனைக் கடவுள் மனேச்சராகப் படைத்தார், தையற்காரனாகப் படைக்கவில்லை. ஊர் பிழைத்தது.

ஊசி முறிந்த காலம்

எல்லோருடைய கழுத்திலும் ஒரு காட் தொங்கியது. என்னுடையதில் 'தையல் மேற்பார்வையாளர்' என்று இருந்தது. மாற்றச் சொல்லிக் கேட்டேன். "அது சிஸ்டத்துக்குள்ள அப்பிடித்தான் அக்கா வரும், பேரில என்ன இருக்கு" என்றார் மனேச்சர். பேரில் ஒன்றும் இல்லையென்றால் தன்னுடைய காட்டில் மட்டும் ஏன் தங்க எழுத்து என்று நான் கேட்கவில்லை.

வேலை நின்றால் சிஸ்டத்தில் காரணம் ஒன்றை விரலால் அமத்த வேண்டும். அதில் இருந்த காரணங்கள்: ஊசி முறிவு, நூல் இல்லை, பட்டன் பிழை. காற்றுக்குப் போட் கடலுக்குப் போகாத நாளுக்கு எதை அமத்துவது? ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நின்று ஒருவரும் கடலுக்குப் போகாததால் திங்கள் நண்டு இல்லை, அதற்கு எதை அமத்துவது? நான் ஊசி முறிவை அமத்தினேன். மேலே இருந்தது, கைக்கு வசதி.

ஒருநாள் கொழும்புத் தலைமைக் கந்தோரில் இருந்து ஒரு ஐயா ரெலிபோன் எடுத்தார்.

"போன கிழமை முழுக்க ஊசி முறிஞ்சிருக்கு. என்ன நடந்தது?"

"வாடைக்காத்து எழும்பிட்டுது ஐயா."

அந்தப் பக்கம் பேனை கீறுகிற சத்தம் கேட்டது. "சரி, நல்ல ஊசி வாங்கச் சொல்லுங்கோ" என்று வைத்துவிட்டார்.

சிரித்தோம். ஆனால் சிரிப்புக்குப் பின்னால் ஒரு பயம் இருந்தது. முன்பு நிறுக்கிறது நான். இப்போது தட்டிலும் கோடு கோடாகப் போட்ட ஒரு ஒட்டுத்தாள், தராசில் வைத்தால் கொம்பியூட்டருக்குள் போய்விடும். எவ்வளவு சேர்ந்தது என்று எனக்கும் தெரியாது, மேசைக்கும் தெரியாது. இருமுவதற்கு நான் எதைப் பார்த்து இருமுவது?

அங்கேதான் எங்கள் ஆட்கள் ஒரு மடைத்தனம் செய்தார்கள். வேறு யாரும் செய்யாத மடைத்தனம். மெசின் பிலோமினாவைப் பிடித்துவிடும் என்ற பயத்தில், ஒருத்தி போட்டாளா என்று மற்றவள் கேட்காமல், ஒவ்வொருத்தியும் தன் பங்குக்குப் பிடி போட்டாள். போட்டதைச் சொல்லக் கூடாது என்பது பழக்கம். அதனால் ஒருத்திக்கும் கணக்குத் தெரியாது. போதுமோ போதாதோ என்று இன்னும் ஒரு பிடி. அவளுடைய தட்டு மலையாகக் குவிந்தது. முதல் மாதம் முடிந்து திரையில் பெயர்களைப் போட்ட காலையில், மடங்காத இரண்டு விரலோடு பிலோமினா முதலாம் இடத்தில் நின்றாள்.

மனேச்சரின் பிளான்

கைதட்டியதோடு விட்டிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். மனேச்சர் பிளான் போட்டார்.

என்னைத் தன் கந்தோர் அறைக்குக் கூப்பிட்டார். கதிரையில் இருக்கச் சொல்லவில்லை.

"திரேசக்கா, பிலோமினாவின்ர வேகத்தைத்தான் இனி ஸ்ராண்டர்ட் எண்டு வைக்கப்போறன். எல்லாரும் அந்த வேகத்துக்கு வந்தா மூண்டு மேசை வேலையை ரெண்டு மேசை செய்யும். சிஸ்டமே சொல்லுது. அடுத்த மாசத்தில இருந்து தலைமன்னார் மேசை தேவையில்லை."

தலைமன்னார் மேசை என்றால் மூன்றாவது மேசை. தலைமன்னாரில் இருந்து முதல் பஸ்ஸில் வருகிற பெண்கள். அவர்களில் பாதிப் பேர் வீட்டில் அடுப்பு எரிவது இந்தக் கொம்பனியால்.

"அந்த நிறையை நம்பிப் பிளான் போடாதேங்கோ" என்றேன்.

"ஏன்?"

ஏன் என்று சொன்னால் பிலோமினா அன்றைக்கே வீட்டில். மனேச்சர் சிரித்தார்.

"எனக்கு விளங்குது அக்கா. இவ்வளவு காலமும் நீங்கள்தான் கெட்டிக்காரி. இப்ப ஒருத்தி மேல வாறா. பொறாமைப்படாதேங்கோ. கொம்பியூட்டர் பொய் சொல்லாது."

பொறாமை! நான் மன்னார்த் தீவில் நண்டு உடைக்கத் தொடங்கினபோது இந்த மனுசனுக்கு நண்டின் முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாது. இப்போதும் தெரியாது. திரும்பி வந்தேன். வரும்போது அவருடைய அலுமாரிக் கதவை மட்டும் கொஞ்சம் பலமாகச் சாத்தினேன்.

சாப்பாட்டுக் கொட்டிலில்

செய்தி எனக்கு முந்திச் சாப்பாட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டது. தலைமன்னார் மேசையில் மூத்தவள் ஜெசிந்தா சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் நின்றாள்.

"உங்கட ஆளுக்குப் புண்ணியம் செய்யிறதுக்கு எங்கட வயித்தில அடிக்கிறியளோ?" என்றாள்.

"நாங்கள் ஆரின்ர வயித்திலயும் அடிக்கேல்லை. அடிக்கிறது மனேச்சர். அங்க போய்க் குரை" என்றாள் ஸ்ரெல்லா.

"போறன். போய்ச் சொல்லுறன், உங்கட நம்பர் வன்னுக்கு ஆர் ஆர் பிடி போட்டவையெண்டு."

"சொல்லடி. சொல்லிப்போட்டு, உன்ர மகள் பிள்ளை பெத்திட்டு வந்து நிண்ட மாசம் அவளின்ர தட்டில ஆர் ஆர் போட்டவையெண்டும் சேத்துச் சொல்லு."

ஜெசிந்தா சாப்பாட்டுப் பெட்டியைக் கீழே வைத்தாள். அவளுடைய மகளும் தலைமன்னார் மேசையில்தான் வேலை செய்தாள். பச்சை உடம்போடு வந்த மாதம் அவளுக்கும் பிடி விழுந்தது.

மூலையில் இருந்த பிலோமினா எழும்பினாள். "சண்டை பிடிக்காதேங்கோ. நான் போய்ச் சொல்லுறன்" என்றாள்.

"சொன்னா நீ போவாய்" என்றேன்.

"சொல்லாட்டி அவையள் எல்லாரும் போவினம் அக்கா."

உண்மையைச் சொன்னால் ஒருத்தி, சொல்லாவிட்டால் ஒரு மேசை. இப்படி ஒரு கணக்கை அந்தப் பெரிய திரை எந்த நிறத்தில் காட்டும்?

"சொல்லாதை. அவர் உன்னையும் நம்பமாட்டார். கொம்பியூட்டரைத்தான் நம்புவார். முதலாளி வாறாராம், மனேச்சர் உன்னை இருத்திக் காட்டப்போறாராம். அண்டைக்குப் பாப்பம்" என்றேன்.

மனேச்சருக்கு அவசரம். தன் சிஸ்டத்தைக் கொழும்பில் இருந்து வருகிற முதலாளிக்குக் காட்ட வேண்டும். பிலோமினாவை நடுவில் இருத்தி, அவள் ஒரு தட்டு எடுக்கிற நேரத்தை றிஸ்வான் பிடிக்க வேண்டும், அதையே ஸ்ராண்டர்ட் என்று முதலாளி முன்னால் எழுத வேண்டும் என்று ஏற்பாடு.

முதலாளி வருவதற்கு முதல் நாள் பின்னேரம் பிலோமினா என்னிடம் வந்தாள். "அக்கா, நாளைக்கு ஒருத்தரும் பிடி போடக் கூடாது. சொல்லிப்போடுங்கோ. என்ர கையை அவர் பாக்கட்டும்."

எல்லோரிடமும் சொன்னேன். ஸ்ரெல்லாகூட மறுபேச்சுப் பேசவில்லை.

முதலாளி வந்த நாள்

முதலாளி வெள்ளைச் சப்பாத்தும் தொப்பியும் போட்டுக்கொண்டு மண்டபத்துக்குள் வந்தார். பருத்த மனுசன். நண்டைக் கண்டால் மூக்கைச் சுளிக்காத ஒரே கொழும்புக்காரர், அதற்காக மட்டும் ஒரு மரியாதை. மனேச்சர் பெரிய திரையைக் காட்டிக் கதைத்துக்கொண்டே வந்தார். கதைத்ததில் பாதி இங்கிலீசு. மற்றப் பாதி தமிழென்று அவர் நினைத்தார்.

பிலோமினாவை மேசையின் தலைப்பில் இருத்தினார்கள். முன்னால் அவித்த நண்டு, ஒரு வெறுந்தட்டு. றிஸ்வான் ரெலிபோனில் நேரம் பிடித்தார்.

பிலோமினா தொடங்கினாள். ஓட்டைப் பிரித்தாள். நடுவிரலும் மோதிர விரலும் கம்பி போல நீட்டிக்கொண்டு நின்றன. கத்தியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் கொடுத்து, சின்ன விரலால் முட்டுக்கொடுத்து, மெது மெதுவாகச் சதையை எடுத்தாள். சதை உடையவில்லை, வேலை சுத்தம். ஆனால் தட்டின் அடி மறையவில்லை. பக்கத்து மேசைகளில் ஒவ்வொருத்தியும் இரண்டாம் தட்டுக்குப் போய்விட்டாள்.

"என்ன பிலோமினா, இண்டைக்குச் சுகமில்லையோ?" என்றார் மனேச்சர். நெற்றியில் வேர்வை. அந்த மண்டபத்தில் குளிருக்குப் பல்லுக் கிடுகிடுக்கும், அவருக்கு வேர்த்தது.

"இல்லை சேர். எப்பவும் இப்பிடித்தான்."

"எப்பிடி எப்பவும்? சிஸ்டத்தில..."

முதலாளி கையைக் காட்டி அவரை நிறுத்தினார். ஓடு உடைகிற சத்தம் மட்டும் கேட்டது. பிலோமினாவின் காது சிவந்துபோனது, தலை நிமிரவில்லை. எல்லோர் முன்னாலும் தன் கையை விரித்து வைத்தபடி அவள் இருந்ததைப் பார்க்க முடியாமல் நான் ஐஸ் பெட்டியைப் பார்த்தேன்.

அப்போது மூன்றாம் மேசையில் இருந்து ஒரு ஆள் எழும்பி வந்தது. ஜெசிந்தா. தன் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள், முதலாளியைச் சுற்றிக்கொண்டு போனாள், பிலோமினாவின் தட்டில் ஒரு பிடி போட்டாள், திரும்பிப் போய்த் தன் இடத்தில் இருந்தாள்.

அடுத்தது ஸ்ரெல்லா. பிறகு மேசை முழுக்க. போட வேண்டாமென்று சொன்னவள் நான்தான், ஆனால் மறிக்கவில்லை. தட்டு நிறைந்தது.

றிஸ்வான் நேரத்தை நிற்பாட்டினார். "இது எப்பவும் நடக்கிறதா?" என்று என்னைக் கேட்டார்.

"ஓம். கொம்பனி திறந்த நாளில இருந்து நடக்குது. இது இந்தக் கரையில எங்கட வழக்கம்" என்றேன். எதற்குப் பயப்பட வேண்டும்? களவெடுத்தோமா?

மனேச்சர் குதித்தார். "அப்ப என்ர டேற்றா முழுக்கப் பொய்! சேர், இதுகள் எல்லாரும் சேர்ந்து சிஸ்டத்தை ஏமாத்தியிருக்குதுகள். முதல் இவவை நிப்பாட்ட வேணும்."

றிஸ்வான் அதற்குள் தன் கொம்பியூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். "சேர், ஆள் ஆளாப் பார்த்தாத்தான் பிழை. மேசை மேசையாக் கூட்டினா எல்லாம் சரியா வருது. மேசைக்குள்ள ஆர் ஆருக்குக் குடுத்தாலும் கூட்டுத்தொகை மாறாதே. போன மாசம் லொறியில ஏத்தின நிறையோட ஒத்துப்போகுது, பாருங்க" என்று திரையைத் திருப்பினார்.

முதலாளி குனிந்து பார்த்தார். "அப்ப மூன்றாம் மேசையை நிப்பாட்டினா?"

"லொறி நிரம்பாது சேர். மூணு மேசையும் வேணும்."

"முதலாவதா நிக்கிறது எந்த மேசை?"

"இவங்கட மேசை" என்று பிலோமினா பக்கம் கையைக் காட்டினார் றிஸ்வான்.

அது ஏன் முதலாவது என்று முதலாளி கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவளுக்கும் சேர்த்து உடைத்து உடைத்து எங்கள் மேசையின் கை வேகமாகிப்போனது. வேறு மந்திரம் ஒன்றும் இல்லை.

மனேச்சர் விடவில்லை. "எண்டாலும் சேர், ஆளாப் பாத்தா இவ குறைந்த நிறைக்குக் கீழ. சட்டப்படி..."

"மேசையா மாத்தினா ஆள் நிறை எண்டு ஒண்டு சிஸ்டத்திலேயே இருக்காது சேர்" என்றார் றிஸ்வான், தலையை நிமிர்த்தாமல். "இருந்தாத்தானே கீழ வாறதுக்கு."

அந்தப் பொடியனைப் பற்றி அதுவரை நான் நல்லதாக ஒன்றும் நினைக்கவில்லை. அன்றைக்கு நினைத்தேன். ஆனால் சொல்லவில்லை, தலைக்கனம் பிடித்துவிடும்.

முதலாளி வியாபாரி. பாவம் பார்க்கிற ஆள் என்று நினைக்க வேண்டாம். "முன்னுக்கு நிக்கிற மேசையில ஏன் கை வைக்கிறீர்? கணக்கை மேசையா மாத்தும்" என்றார். பிறகு என்ன நினைத்தாரோ, மனேச்சரைப் பார்த்து, "நீர் எப்பவாவது இருந்து உடைச்சுப் பாத்தீரா?" என்று கேட்டார்.

"இல்லை சேர்."

"அப்ப ஸ்ராண்டர்ட் போடுறதுக்கு முதல் ஒருக்கா இருந்து உடைச்சுப் பாரும்."

மனேச்சரின் தட்டு

பிளானிங் வேலைக்குப் போகிற பிள்ளைகளே, எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். சிஸ்டம் வாங்கும்போது திரையின் அளவைப் பார்த்து வாங்காதீர்கள். அது வேறு வேலைக்குச் செய்ததென்றால் அந்த வேலையின் புத்தியும் கூடவே வரும், உங்கள் ஆட்களைத் தையற்காரிகளாக்கிவிட்டுத்தான் ஓயும். எதை நிறுப்பது, எதோடு எதைச் சேர்த்து நிறுப்பது என்று முதலில் மேசையில் போய் இருந்து பாருங்கள். கந்தோரில் இருந்தால் தெரியாது. ஆள் ஆளாக நிறுத்துப் போட்ட பிளான் எங்கள் மண்டபத்தில் ஒரு மாதம் பொய் சொன்னது. மேசையாக நிறுத்துப் போட்ட பிளான் நான் வேலையை விட்டு வரும்வரை ஒழுங்காக ஓடியது. கழுத்தில் தொங்கிய காட்டில் என்னுடைய பெயருக்குக் கீழே 'தையல்' மட்டும் கடைசிவரை மாறவில்லை.

இந்த மாற்றத்தை மனேச்சர் கொழும்பில் தன்னுடைய யோசனை என்று சொல்லி, வேறொரு கொம்பனிக்கு இதைவிடப் பெரிய வேலைக்குப் போனார். அதுவும் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

முதலாளி சொன்னபடி அன்றைக்கு அவர் மேசையில் இருந்ததைச் சொல்லி முடிக்கிறேன். ஏப்ரன் கட்டி, கையுறை போட்டு, பிலோமினாவுக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினோம். முதல் நண்டின் ஓடு கையைக் கிழித்தது. இரண்டாவது நண்டின் சதை தூளாகிப்போனது. ஸ்ரெல்லா, "சேர், ஊசி முறிஞ்சிட்டுதோ?" என்று கேட்டாள். மண்டபம் முழுக்கச் சிரித்தது, முதலாளியும் சிரித்தார்.

மனேச்சர் சிரிக்கவில்லை. குனிந்து குனிந்து கிளறிக்கொண்டிருந்தார். தட்டில் ஒரு கரண்டிச் சதையும் இல்லை. நேரம் முடியப்போகிறது. முதலாளி பின்னால் நிற்கிறார்.

பிலோமினா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. மடங்காத இரண்டு விரலையும் நீட்டிக்கொண்டு, தன் தட்டில் இருந்து ஒரு பிடி எடுத்து, அவருடைய தட்டில் போட்டாள். கொஞ்ச நேரத்தில் இன்னொரு பிடி.

மனேச்சர் தட்டைத் தராசில் வைத்தார். இலக்கத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களே சேர்," என்றார் முதலாளியிடம், "கொஞ்சம் பழகினா எவருக்கும் வரும்."